நாலு எண்ணும் நேரம்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் பாப்பாவும் சுகமா? குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய், தலைக்குத் துணி கட்டாமல் வேலைக்குப் போகாதே.

என் இடது மணிக்கட்டில் போட்டிருந்த மாவுக்கட்டைப் போன வாரம் பிரித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து வெளிவந்தது என் கைதானா என்று எனக்கே சந்தேகம். விரல்கள் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கின்றன. ஆஸ்பத்திரித் தையல் பிரிவில் என் மெஷினை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்களாம். ஆனால் துணியைப் பிடித்து நகர்த்த இடது கை வேண்டுமே. விரலுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் இருக்கிறாள், நான் விரல் டாக்டர் என்றுதான் கூப்பிடுவேன். அவள் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து தினமும் இருநூறு தடவை அமுக்கச் சொன்னாள். மூன்றே நாளில் எனக்கும் அந்தப் பந்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று.

அதனால் ஒரு காரியம் செய்தேன், கோபிக்காதே. பீரோ மேலிருந்து உன் கிட்டாரை இறக்கிவிட்டேன். ஆறு கம்பியில் மெல்லிய கம்பி அறுந்து சுருண்டு கிடக்கிறது. "பந்தோ கிட்டாரோ, விரல் அசைஞ்சா சரிம்மா" என்று விரல் டாக்டர் சொல்லிவிட்டாள். உறைக்குள் அந்தக் கேசட்டும் இருந்தது. நீ வேலைக்குக் கிளம்பிய அன்று "அக்காவுக்கு" என்று எழுதிக் கொடுத்தாயே, நீயே கட்டிய ராகம். பதினொரு வருஷத்தில் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். ஆனால் எல்லாம் கை வேலையாக இருக்கும்போது கேட்டது. உட்கார்ந்து கேட்டதே இல்லை.

இரண்டு வருஷமாக நீ ஊருக்கு வரவில்லை, இந்த அக்டோபர் லீவுக்காவது வருவாய் அல்லவா? அதற்குள் அந்த ராகத்தைக் கற்று, உன்னை எதிரில் உட்காரவைத்து வாசித்துக் காட்ட வேண்டும். வேறு ஆசை ஒன்றும் எனக்கு இப்போது இல்லை. பாட்டில் கம்பெனி வேலைக்கு உன்னைப் பிடித்துத் தள்ளியவள் நான். நீ கிட்டாரை விட்டுவிட்டுப் போனதும் என்னால்தான். நான் வாசித்து நீ கேட்டால் என் மனசு கொஞ்சம் ஆறும்.

எனக்கு நோட்டும் தெரியாது, புள்ளியும் தெரியாது. வெறும் காதால் கேட்டே பிடித்துவிட முடியுமா? முதலில் இந்தக் கம்பிகளை எப்படிச் சேர்ப்பது? போனில் கேட்கலாம் என்றால் எப்போதும் உன் வீட்டுக்காரிதான் எடுக்கிறாள். "ஷிப்டுல இருக்காரு அண்ணி", "குளிக்கிறாரு அண்ணி." ஒரு மனுஷன் இவ்வளவு குளித்தால் தோல் என்னத்துக்கு ஆகும்?

உன் அக்கா

*

ஜனவரி 27

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். துணி கட்டிக்கொண்டுதான் போகிறேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் கிட்டாரை நீ இறக்கியதற்கு நான் ஏன் கோபிக்கப் போகிறேன்? ரொம்ப நாளாகப் பேச்சில்லாமல் இருந்த ஒருத்தனுக்கு யாரோ பேச்சுக் கொடுத்த மாதிரி இருக்கிறது எனக்கு.

கம்பி சேர்ப்பது சுலபம். மடியில் வைத்தால் உன் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது தடித்த கம்பி. அதைக் கிட்டார்க் கழுத்தின் ஐந்தாவது கட்டத்தில் அழுத்தித் தட்டு. அடுத்த கம்பியை அழுத்தாமல் தட்டு. இரண்டும் ஒரே குரலில் பேச வேண்டும். பேசாவிட்டால் இரண்டும் சேர்ந்து நடுங்கும், உனக்கே தெரியும். திருகை மெல்லத் திருப்பினால் நடுக்கம் குறைந்து குறைந்து நின்றுவிடும். நின்றால் இரண்டும் சமாதானம். அப்படியே ஒவ்வொரு ஜோடியாகச் செய். மெல்லியதிலிருந்து மூன்றாவது கம்பிக்கு மட்டும் ஐந்தாவது கட்டம் இல்லை, நாலாவது. அறுந்த கம்பியை அவசரமாக வாங்க வேண்டாம், என் ராகம் அதைத் தொடுவதில்லை.

மாமா டி.வி. போட்டிருந்தால் ஒரு வழி இருக்கிறது. தாடையைக் கிட்டாரின் மரத்தில், வலது கைப்பக்கத்து விளிம்பில், அழுத்தி வைத்துக்கொள். நடுக்கம் எலும்பு வழியாகவே வந்துவிடும். ஹாஸ்டல் கூச்சலில் நான் அப்படித்தான் சேர்ப்பேன், கூட்டாளிகள் கேலி செய்வார்கள்.

காதால் தாராளமாகப் பிடிக்கலாம். நானும் அப்படித்தான் பிடித்தேன். கேசட்டில் ஒரு சின்னத் துண்டு கேள், நிறுத்து, வாயால் முணுமுணுத்துப் பார். வாயில் வராததை விரலில் தேடாதே. வாயில் வந்தபிறகு ஒரே கம்பியில் தேடு, அங்கே இல்லாவிட்டால் அடுத்த கம்பி. விரல் நுனி எரியும். இரண்டு வாரத்தில் காய்ப்பு வந்துவிடும்.

போனில் பேசியதெல்லாம் காற்றோடு போய்விடும் அக்கா. கடிதம் என்றால் எடுத்து எடுத்துப் படிக்கலாம். எதையும் விடாமல் எழுது. வேலைக்குத் தள்ளினேன் என்று மட்டும் இன்னொரு தடவை எழுதாதே. அந்த வேலை கொடுத்த கூரைக்குக் கீழேதான் நானும் என் பெண்டாட்டி பிள்ளையும் இருக்கிறோம், அதற்கு உன்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

உன் தம்பி

*

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் கடிதம் போடு. இங்கே நாங்கள் நலம், என் விரல் நுனிகள் தவிர.

கம்பிகள் சமாதானமாகிவிட்டன. மூன்று மணி நேரம் ஆயிற்று. நடுக்கம் நின்ற நிமிஷத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எந்தத் துணி எந்த நூலுக்குச் சேரும் என்று இந்தக் காலமெல்லாம் கண்ணால் பார்த்திருக்கிறேன், காதாலும் பார்க்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. உனக்கு நன்றி என்று எழுதினால் நீ கேலி செய்வாய். செய்துகொள்.

பிறகு நடந்த கூத்தைக் கேள். பத்து நாள் உயிரைக் கொடுத்து முதல் வரியைப் பிடித்தேன். கேசட்டோடு சேர்ந்து வாசித்தால் அச்சாக ஒட்டியது. அன்றைக்குப் பார்த்து உன் மாமாவுக்கு என்மேல் பாசம் பொங்கிவிட்டது. "உன் டேப் ரிக்கார்டர் இழுத்து இழுத்துப் பாடுது, பெல்ட் தொங்கிப் போச்சு" என்று புது பெல்ட் வாங்கிப் போட்டார். போட்டதும் உன் ராகம் துள்ளி எழுந்து மேலே போய் உட்கார்ந்துகொண்டது. நான் கீழே நிற்கிறேன். இத்தனை நாள் தொய்ந்த பெல்ட்டுக்குத்தான் நான் சுருதி சேர்த்து, விரல் தேய்ந்து படித்திருக்கிறேன். அவரோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அவருக்கு என்ன செய்தோம் என்றே புரியவில்லை, பாவம். இத்தனை வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். "என் பழைய வண்டியோட கியர் பெட்டிகூட இதைவிட நல்லாப் பாடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். கம்பிகளை எல்லாம் மறுபடி முறுக்கி ஏற்றினேன். விரல்கள் வழியை மறக்கவில்லை, அதுவரைக்கும் லாபம்.

இப்போது இரண்டு சந்தேகம். நீ ஒரு நீளமான வரி வாசிக்கிறாய். சட்டென்று நிறுத்துகிறாய். நாலு எண்ணும் நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு குட்டையான வரி. மறுபடி நாலு எண்ணும் நேரம் சும்மா. பிறகு மறுபடி நீளமாக ஒன்று, முடிந்துவிடுகிறது. அந்த நிறுத்தம் ராகத்திலேயே இருக்கிறதா, இல்லை நீ மூக்கைச் சொறிந்தாயா? இன்னொன்று, ராகத்துக்குப் பின்னாலேயே ஒரு கரகரப்பு ஓடுகிறது. புது பெல்ட் போட்ட பிறகு இன்னும் நன்றாகக் கேட்கிறது. கேசட் கெட்டுப்போயிற்று என்று மாமா அதைச் சுத்தம் செய்யப் பார்க்கிறார். செய்யலாமா?

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா

*

மார்ச் 12

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். பெல்ட் கதையை என் வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன், அவள் சிரித்துச் சிரித்து அடுப்பை அணைக்க மறந்துவிட்டாள். மாமாவோடு பேசிவிடு.

நான் மூக்கைச் சொறியவில்லை. நிறுத்தம் ராகத்தில் உள்ளதுதான். நீளம், நாலு, குட்டை, நாலு, நீளம். அந்த நாலையும் முழுசாக எண்ணு, அவசரப்பட்டு மூன்றில் கிளம்பிவிடாதே. ஏன் என்பதை நேரில் சொல்கிறேன். கரகரப்பில் மாமா கை வைக்கவே கூடாது. அது இல்லாமல் அந்த ராகம் இல்லை.

என்னை பாட்டில் கழுவும் கூடத்திலிருந்து லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல மனுஷர்கள், அவர்களாகவே கேட்டுச் செய்தார்கள். இங்கே சத்தம் இல்லை. கூடத்தில் ஆயிரக்கணக்கான பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே போகும், பேச்சு என்பதே கிடையாது, எல்லாம் கை ஜாடைதான். பாப்பா அந்த ஜாடைகளை எல்லாம் கற்றுக்கொண்டு வீட்டிலும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

உன் கை எப்படி இருக்கிறது? கட்டைவிரலைக் கிட்டார்க் கழுத்துக்குப் பின்னால் நடுவில் வை, மணிக்கட்டு வலிக்காது.

உன் தம்பி

*

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். இந்தத் தடவை கடிதம் சின்னது, பொட்டலம் பெரியது.

வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். மெஷினில் இன்னும் உட்காரவிடவில்லை, டாக்டர்கள் போடும் பச்சை அங்கிக்கு நாடா கட்டும் வேலை. என் இடது கை மடங்குவதைப் பார்த்து விரல் டாக்டர் மற்ற நோயாளிகளிடம் "நீங்களும் போய் ஆளுக்கொரு கிட்டார் வாங்குங்க" என்கிறாளாம்.

மூன்று வரியும் வந்துவிட்டது. நேற்று கேசட்டில் பதிவு செய்தேன். கொஞ்சம் தடுமாறியிருக்கிறேன், இரண்டாவது நிறுத்தத்தில் மாமா இருமியிருக்கிறார். அக்டோபர்வரை பொறுக்க முடியவில்லை, அதனால் அனுப்புகிறேன். கேட்டுவிட்டு ஒளிக்காமல் எழுது. எங்கே தப்பு, எங்கே சரி என்று உன் காதுக்குத்தான் தெரியும்.

ஆவலோடு,
அக்கா

*

மே 18

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம், மன்னித்துக்கொள்.

உன் கேசட்டை மூன்று தடவை கேட்டேன். என்ன சொல்வது அக்கா, அசந்துபோனேன். மூன்று மாதத்தில் இவ்வளவா? ஒரே சீராக, மூச்சு விடுவது போல ஏறி இறங்குகிறது. அவசரமே இல்லை. நடுவில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் திணறுகிறாய், அதுவும் அழகாகத்தான் இருக்கிறது. இதற்குமேல் நான் திருத்த ஒன்றும் இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

*

மே 21

அன்புள்ள தம்பிக்கு,

நீ இன்னும் பதில் போடவில்லை. ஏன் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. பயந்துபோய் உட்கார்ந்திருப்பாய்.

காலையில் அலமாரியைத் துடைத்தபோது ஒரு கேசட் கிடைத்தது. போட்டுப் பார்த்தால் நான் வாசித்த ராகம். அப்படியானால் உனக்கு அனுப்பியது எது? உட்கார்ந்து யோசித்தேன். உன் மாமா தான் குறட்டையே விடுவதில்லை என்று சத்தியம் செய்வார் தெரியுமல்லவா? சாட்சிக்கு இருக்கட்டும் என்று மார்ச் மாதம் ஒரு பக்கம் முழுக்கப் பதிவு செய்து வைத்தேன். இரண்டும் ஒரே நீலக் கேசட். உனக்குப் போய்ச் சேர்ந்திருப்பது முப்பது நிமிஷம் மாமாவின் குறட்டை.

சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "மச்சான்கிட்ட என் மானத்தை வாங்கிட்டியே" என்கிறார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடாதே, எனக்குச் சாட்சி வேண்டும். சரியான கேசட்டை அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

சிரிப்போடு,
அக்கா

*

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம்.

என் கடிதத்தைத் தபாலில் போட்ட நாலாம் நாள் உன் கடிதம் வந்தது. வழியில் இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. முடிந்தால் ஓடிப் போய் என்னுடையதைப் பெட்டியிலிருந்து எடுத்திருப்பேன்.

மாமாவிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன்ல அவன் குரலைக் கேட்டு எவ்வளவு நாள் ஆச்சு?" என்றார். எண்ணிப் பார்த்தேன். ஒன்றரை வருஷம். இவ்வளவு நாள் எனக்கு அது உறைக்கவே இல்லை. குளிக்கிறான் என்றால் குளிக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன்னை நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. எப்போது சொல்ல வருகிறதோ அப்போது சொல். கேசட்டை அனுப்பவில்லை.

என் கை முக்கால்வாசி சரியாகிவிட்டது. அறுந்த கம்பிக்குப் பதில் புதுக் கம்பி மாமா வாங்கிப் போட்டார். தினமும் ராகத்தை வாசிக்கிறேன். நிறுத்தம் வரும்போது நாலையும் முழுசாக எண்ணுகிறேன், நீ சொன்ன மாதிரி.

கடிதம் போடு. ஒரு வரி போதும்.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 6

அன்பு அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏழு வாரமாகத் தினமும் எழுத உட்காருகிறேன், அன்பு அக்காவுக்கு என்பதைத் தாண்டவில்லை.

கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டேன். மாமாவின் குறட்டையைப் பாராட்டி எழுதிய ஒரே ஆள் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். சிரித்துவிடு அக்கா, நானும் ஒரு நாள் சிரித்தேன்.

இடது காது மூன்று வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. வலது காது மெல்ல மெல்லப் போயிற்று. இப்போது யாராவது கதவை அறைந்தால் ஏதோ நடந்தது என்று தெரியும், அவ்வளவுதான். கூடத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், புதிதில் நான்தான் அலட்சியமாக இருந்தேன். என் வீட்டுக்காரி என் சார்பில் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். அவளைத் திட்டாதே, நான்தான் சத்தியம் வாங்கினேன். உனக்குத் தெரிந்தால் அந்த வேலைக்குத் தள்ளினேன் என்று நெஞ்சில் அடித்துக்கொள்வாய். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

உன் கேசட்டை ஆறு வாரம் பிரிக்காமலே வைத்திருந்தேன். வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் போட்டேன். ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்தேன். ஏதோ ஏறிற்று, இறங்கிற்று, ஒரே சீராக. அதுதான் நீ என்று நினைத்துவிட்டேன். மூன்று தடவை வைத்துப் பார்த்தது பொய் இல்லை. ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அக்டோபரில் நான் வரவில்லை அக்கா. நீ இத்தனை மாதம் பாடுபட்டு எதிரில் உட்கார்ந்து வாசிப்பாய். நான் உன் விரலைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்ட வேண்டும். கடிதத்தில் ஒரு தடவை அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டேன். முகத்துக்கு நேராக என்னால் ஆகாது. உன் ஆசை ஒன்றே ஒன்று, அதை நிறைவேற்ற என்னிடம் காது இல்லை. அடுத்த வருஷம் வருகிறேன், கிட்டாரை உறையில் வைத்துவிடு.

மன்னித்துக்கொள்.

தம்பி

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் அளவுக்குப் பொறுமை இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆமாம், நெஞ்சில் அடித்துக்கொண்டேன். இரண்டு நாள் நன்றாக அழுதேன். தையல் பிரிவில் எல்லோரும் கைதான் வலிக்கிறது போல என்று ஆளுக்கொரு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். எதிலாவது ஒரு வரி, ஒரு வார்த்தை என்மேல் கோபமாக இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. கூரை கொடுத்தாய் என்றுதான் எழுதியிருக்கிறாய். உன் காது போய்க்கொண்டிருக்கும்போது நீ எனக்குக் காதால் கேட்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். இப்படி ஒரு தம்பி கிடைத்ததற்கு நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

தேடும்போது ஜனவரிக் கடிதம் கையில் வந்தது. தாடையை மரத்தில் வைத்துக்கொள், எலும்பு வழியாக வந்துவிடும் என்று எழுதியவன் யார்? ஊருக்குச் சொல்வாய், உனக்கு ஞாபகம் வராதா?

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆஸ்பத்திரிப் பஞ்சை இரண்டு காதிலும் திணித்து, மேலே மாமாவின் மப்ளரைச் சுற்றிக்கட்டி, தாடையை மரத்தில் வைத்து முழு ராகத்தையும் வாசித்தேன். மாமா கூப்பிட்டது கேட்கவில்லை, குக்கர் கத்தியது கேட்கவில்லை. ராகம் வந்தது. பல்லில் வந்தது, கன்னத்தில் வந்தது. உனக்கு எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் வந்தாலும் போதும். ஒன்றுமே வராவிட்டால் நீ சொல், உறையில் வைத்துவிடுகிறேன். தலையை மட்டும் ஆட்டாதே.

என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட ஒரு குட்டி ஸ்டூல் கண்டுபிடித்துவிட்டேன். நீ வராவிட்டால் மாமா வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வருவார். அங்கே வந்து இரண்டு நாள் தூங்குவார் என்பதையும் யோசித்துக்கொள். உனக்குக் கேட்காது, உன் வீட்டுக்காரிக்குக் கேட்கும்.

அக்டோபரில்,
அக்கா

*

நவம்பர் 5

அன்பு அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். ரயிலில் பாப்பா முழுக்க முழுக்க மாமாவைப் பற்றித்தான் பேசினாள், கையால்.

அங்கே வந்த மறுநாள் நீ நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டார் விளிம்பில் தாடையை வைத்தேன். உன் முழங்கை என் காதில் இடித்தது, ஞாபகம் இருக்கிறதா? நீ தட்டினாய். கேட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் தெரிந்தது. தடித்த கம்பி தாடையில், நடுக் கம்பிகள் பல்லில். நீளமான வரி முழுக்கத் தெரிந்தது, எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று. மூன்று வருஷமாக என்னிடம் யாரும் ராகத்தில் பேசவில்லை அக்கா. நான் அழுததை மாமா பார்க்காதது போல ஜன்னலைப் பார்த்தார், அவருக்கும் நன்றி சொல்.

முதல் நிறுத்தத்தில் நான் விரலைத் தூக்கி நாலு எண்ணி, நீ தொடங்கிய அதே இடத்தில் இறக்கினேன். எப்படிச் சரியாகத் தெரிந்தது என்று நீ காகிதத்தில் எழுதிக் காட்டிக் கேட்டாய். நேரில் சொல்கிறேன் என்று மார்ச்சில் எழுதியவன் நேரில் உன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன்.

அந்த ராகத்தை நான் கட்டியது நம் பழைய வீட்டில். நான் இந்த அறையில், நீ சுவருக்கு அந்தப் பக்கம். ஆஸ்பத்திரித் துணியை வீட்டுக்கும் கொண்டுவந்து மிதி மெஷினில் தைத்துக்கொண்டிருப்பாய். நான் கிட்டாரை எடுத்தால் உன் மெஷின்தான் எனக்குத் தாளம், வேறு தாளம் எனக்கு யார் கொடுத்தார்கள்? அது நீளமாக ஓடும். நிற்கும். நாலு எண்ணுவதற்குள் குட்டையாக ஓடும். நிற்கும். மறுபடி நீளமாக ஓடும். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். தலையணை உறை. நீளப் பக்கம் ஒரு தையல், மூலையில் ஊசியை இறக்கி, துணியைத் திருப்பி, அகலப் பக்கம் ஒரு தையல், மறுபடி மூலை, மறுபடி நீளப் பக்கம். நாலாவது பக்கம் திறப்பு. அவ்வளவுதான் என் ராகம். பதிவு செய்ததும் நீ தைத்துக்கொண்டிருந்தபோதுதான். மாமா துடைத்து எடுக்கப் பார்த்த கரகரப்பு நீ.

எனக்குக் காது கொடுத்ததே நீதான் என்று சொல்லத்தான் அந்தக் கேசட்டைக் கொடுத்தேன். சொல்லாமலே ரயில் ஏறிவிட்டேன். பதினொரு வருஷம் கழித்துச் சொல்கிறேன், நன்றி அக்கா.

உன் தம்பி

*

நவம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். உங்கள் மூவரின் சுகமும் வேண்டும்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அந்தக் கேசட்டைப் போட்டேன். கிட்டாரை விட்டுவிட்டு முதல் தடவையாகக் கரகரப்பை மட்டும் கேட்டேன். என் பழைய மெஷின். மிதியில் ஒரு திருகு தளர்ந்து டக் டக் என்று அடிக்குமே, அதுகூட இருக்கிறது. ஆயிரக்கணக்கில் தலையணை உறை தைத்தவள், பத்து மாதம் அதையே கிட்டாரில் வாசித்தும் அடையாளம் தெரியவில்லை. மாமாவிடம் சொன்னேன். பெல்ட்டைப் போட்டுக் கரகரப்பை வெளியே கொண்டுவந்தவர் தானே என்று இப்போது மார்தட்டுகிறார்.

திங்கட்கிழமை என்னை மெஷினில் உட்காரவிட்டார்கள். முதல் துணியே தலையணை உறை. இடது கையால் பிடித்து நீளப் பக்கத்தை ஓட்டினேன், கை நடுங்கவில்லை. மூலை வந்தது. ஊசியை இறக்கி, துணியைத் திருப்பி, நாலு எண்ணினேன். பக்கத்து மெஷின்காரி "என்னக்கா, சிரிக்கிறீங்க?" என்றாள்.

"தம்பி வாசிக்கிறான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் தைக்க ஆரம்பித்தேன்.

உன் அக்கா